கிணற்றின் மேலே போன வேலி

இராணுவம் பிடித்திருந்த ஊர்க் காணிகள் விடுபடத் தொடங்கிய ஆண்டுகளில் இங்கே சுவிஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு காணி இருந்திருக்கும். நீங்கள் அதில் கால் வைத்திருக்க மாட்டீர்கள். உங்கள் பெற்றோரும் அதைக் கண்டு இருபது வருடத்துக்கு மேலாகியிருக்கும். அதைச் சுற்றி இராணுவத்தின் முட்கம்பி இருந்தது. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் அதன் நான்கு எல்லைகளும் அடிக்கடி வந்து போகும். பள்ளிக்கூடத்தில் திசைகளின் பெயர்களை ஜெர்மன் மொழியில் படித்தபோது, கிழக்கு என்றதும் எனக்கு ஊரின் ஒடுங்கிய தெருவான ஓர் ஒழுங்கையும், மேற்கு என்றதும் கீழ்வீட்டு மாமியின் வீடும் மண்ணுமான வளவும்தான் மனதில் வந்தன. இரண்டையும் நான் கண்டதில்லை.

கீழ்வீட்டு மாமி எங்களுக்கு இரத்த உறவு இல்லை. சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்தவர். ஊரிலும் அம்மாவின் வளவுக்கு அடுத்த வளவு அவருடைய குடும்பத்தினுடையது. நடுவில் ஒரே வேலி. அம்மாவும் அவரும் ஒன்றாக வளர்ந்து, ஒரே நாளில் இடம்பெயர்ந்து, வெவ்வேறு வழிகளால் இங்கே வந்து சேர்ந்தவர்கள். மேல்வீடு காலியானபோது மாமிதான் நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நல்ல அமைதியான குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும் என்று சொல்லி எங்களைக் கொண்டுவந்தார். அமைதியான குடும்பம் என்ற பகுதியை மாமியின் கணவரான மாமா பிறகு பல வருடங்கள் சொல்லிச் சிரித்தார். காணி விடுபட்ட வருடத்துக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இரண்டு வளவும் பெண்வழி வந்தவை. அம்மாவுடையது அவருக்குக் கொடுத்த சீதனம். மாமியுடையது அவருடைய தாயின் சீதனம். மாமி தன் பங்கையும் ஊரில் இருந்த தங்கைக்கே விட்டுவிட்டிருந்தார். அந்தத் தங்கையை நாங்கள் சின்ன மாமி என்போம். இடம்பெயர்ந்தபோது அவர் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு அதே முகாமின் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார். எனக்கு அவர் கைபேசித் திரையில் தெரியும் ஒரு முகம். பேசும்போது பின்னால் எப்போதும் யாரோ சட்டி தேய்க்கும் சத்தம் கேட்கும்.

ஒரு வசந்த கால ஞாயிற்றுக்கிழமை, காணி விடுபட்ட செய்தியோடு சின்ன மாமி எடுத்த காணொளியும் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் அந்தச் சிறிய திரையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, மாமா, மாமி, மாமியின் மகள், நான். மாமியின் மகளும் நானும் ஒரே வகுப்பு.

எனக்கு எதையும் நிரைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அப்போதே இருந்தது. திரையில் இருந்தவை: சிவப்பு மண், இடுப்பளவு பற்றை, துருப்பிடித்த கம்பிச் சுருள், கொங்கிறீற்றுத் துண்டுகள், நடந்துகொண்டே மூச்சு வாங்கும் சின்ன மாமியின் நிழல். இல்லாதவை: அம்மாவின் வீடு, மாமியின் வீடு, மாமரங்கள், வேலிகள், ஒழுங்கை. எல்லாவற்றையும் இயந்திரம் வைத்துத் தள்ளி மட்டமாக்கியிருந்தார்கள்.

“அக்கா, நான் எங்கை நிக்கிறன் எண்டே தெரியேல்லை,” என்றது சின்ன மாமியின் குரல். “உது எங்கடை காணிதானோ, ஆற்றையோ காணியோ.”

பிறகு படம் குலுங்கியது. ஓடினார் போல. பற்றையை விலக்கும் ஒரு கை தெரிந்தது. அதற்குப் பின்னால் வட்டமான ஒரு கல் கட்டு.

“கிணறு! அக்கா, கிணறு கிடக்கு!”

உள்ளே தண்ணீர் இல்லை. உடைந்த கல்லும் வேரும் கட்டு மட்டத்துக்கு நிரம்பியிருந்தன. அம்மாவும் மாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்பா எழுந்து போய் யன்னலைத் திறந்தார். வெளியே சூரிச் போகும் ரயில் போய்க்கொண்டிருந்தது. 

அன்று பின்னேரம் அப்பாவும் மாமாவும் கம்பளத்தில் மண்டியிட்டு ஊரைக் கட்டினார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட் எங்கள் வீடு. மாமாவின் கண்ணாடிக் கூடு அவர்கள் வீடு. அம்மாவின் பானை மூடி கிணறு. வேலிகளுக்கு மாமியின் மகள் பச்சைக் கம்பளி நூல் கொண்டுவந்தாள். எங்கள் இருவருக்கும் அது பெரிய கொண்டாட்டம். பெரியவர்கள் எங்களோடு நிலத்தில் இருந்து விளையாடுகிறார்கள் என்றே நினைத்தோம்.

அப்பா நூலைப் பானை மூடிக்கு அப்பால் வைத்தார். மாமா அதை எடுத்து மூடியின் மேலே குறுக்காகப் போட்டார்.

“அண்ணை, வேலி கிணத்துக்கு அங்காலை,” என்றார் அப்பா.

“எங்காலை?”

“அங்காலை. உங்கடை பக்கம். கிணறு முழுக்க எங்கடை வளவுக்கை.”

மாமா சிரித்தார். “தம்பி, பகிடி விடாதையும். மனிசி எத்தினை தரம் சொன்னவ. வேலி கிணத்துக்கு மேலாலை போறது. ரண்டு பக்கத்தாலையும் அள்ளுறது.”

“நான் என்ரை கண்ணாலை கண்டனான்.”

“எவ்வளவு காலம் கண்டனீர்? கலியாணம் கட்டி, மாரி முடிய முதல் கொழும்புக்கு ஏறினனீர்.”

“நீங்கள் அதுகூட இல்லையே அண்ணை. ஒழுங்கை எங்கை திரும்புது எண்டாவது தெரியுமோ?”

இதற்கும் எல்லோரும் சிரித்தோம். அது உண்மைதான். மாமா மாமியைக் கலியாணம் செய்தது இங்கே. அந்த ஊரை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அப்பா கண்டது, புதுமாப்பிள்ளையாகப் போய் இருந்த ஒரேயொரு மாரிகாலம்.

வேலி கிணற்றின் மேலே போவது என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கியவர் மாமி. இரண்டு வளவுக்கு ஒரு கிணறு என்றால் அதை எல்லையிலேயே வெட்டுவார்களாம். வேலி கிணற்றுக் கட்டுவரை வந்து, கட்டின் மேலே ஓலைத் தட்டியாகக் குறுக்கே போய், மறுபக்கம் மீண்டும் வேலியாகத் தொடருமாம். இந்த வீட்டுப் பெண் இந்தப் பக்கம் நின்று அள்ளுவாள். அந்த வீட்டுப் பெண் அந்தப் பக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தண்ணீரில் வாளி விழும் சத்தம் மட்டும் இரண்டு பேருக்கும் கேட்கும்.

அம்மா அந்த நேரம் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் கையைக் காட்டி, “இவவுக்கு எல்லாம் தெரியும்,” என்றார். ஆனால் என்ன தெரியும் என்று கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. அடுத்த நாள் நூலையும் மூடியையும் அம்மாவே எடுத்து வைத்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஊரில் இருந்த தன் அக்காவின் மகனிடம் சொல்லி, அப்பா எங்கள் காணியைச் சுற்றித் தூண் போட்டுக் கம்பி அடிக்கவைத்தார். கிணறு கம்பிக்கு உள்ளே போனது. சின்ன மாமி அதைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. படம் மட்டும்.

இங்கேதான் காரியம் பிழைத்தது. முகாமை மூடப் போகிறார்கள். சொந்தக் காணி உள்ளவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லைத் தகராறு உள்ள காணியை ஏற்க மாட்டார்கள் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். பக்கத்துக் காணிக்காரரான அம்மாவும், கூடவே கணவனான அப்பாவும் எல்லையை ஒத்துக்கொண்டு கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன மாமியின் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அவர்கள் தகரக் கொட்டிலிலேயே இருக்க வேண்டியதுதான். அந்தக் கொட்டில் நிற்கும் நிலத்தையும் அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா மேலே வந்து வாசலிலேயே நின்று கேட்டார். “தம்பி, பிள்ளையள் மழைக்கை கிடக்குதுகள். ஒரு முழ நிலத்துக்காகவோ?”

“ஒரு முழம் எண்டால் நீங்கள் விடுங்கோவன் அண்ணை.”

“எங்களிட்டை விட என்ன இருக்கு? அந்தத் துண்டே ஒடுக்கம்.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? நாளைக்கு மனிசியின்ரை ஆக்கள் கேப்பினம், காணியைக் காக்கத் தெரியாதவன் எண்டு.”

“காணியைக் காத்தது ஆமி,” என்றார் மாமா. “நீர் கம்பி அடிச்சது இப்பத்தான்.”

அப்பா கதவைச் சாத்தினார். பலமாகச் சாத்தவில்லை. சுவிஸில் கதவை அப்படிச் சாத்த முடியாது, மற்ற வீட்டுக்காரர் முறைப்பாடு எழுதி ஒட்டுவார்கள். மெதுவாக, பூட்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும்படி சாத்தினார்.

அதன் பிறகு சண்டை கட்டிடத்துக்குள் வந்தது. உங்களுக்குத் தெரியும், நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்கள் நாளும் அவர்கள் நாளும் அடுத்தடுத்து வந்ததால் அம்மாவும் மாமியும் இரண்டு நாளையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளும், அப்பாவின் களஞ்சிய வேலைக் காற்சட்டைகளும், மாமாவின் மீன் மணக்கும் வேலை மேலங்கிகளும் ஒரே இயந்திரத்தில் சுற்றும். சூடான சவர்க்கார மணத்துக்குள் இருவரும் கதிரை போட்டிருந்து கதைப்பார்கள். நாங்கள் துணிக் கூடைகளுக்குள் ஒளிந்து விளையாடுவோம். சண்டைக்குப் பிறகு நாட்கள் பிரிந்தன. எங்கள் துணி நேரம் கடந்தும் கொடியில் கிடந்தால் மாமா அவற்றை எடுத்து, மிக அழகாக மடித்து, எங்கள் வாசல் விரிப்பில் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவு நேர்த்தியாக மடித்த துணியைப் பார்த்து என் தந்தை கோபப்பட்டது போல வேறு எதற்கும் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

கட்டிடத்தைப் பராமரித்த கிழவர், படிக்கட்டில் என்னை நிறுத்தி, இரண்டு குடும்பத்துக்கும் என்ன பிரச்சினை என்று கேட்டார். ஒரு கிணறு பற்றியது என்றேன். எங்கே என்று கேட்டார். இலங்கையில் என்றேன். கொஞ்சம் யோசித்து, “அதில் தண்ணீர் இருக்கிறதா?” என்றார். இல்லை, கல் நிரப்பியிருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கதவுத் திறப்புக் கொத்தோடு இறங்கிப் போனார்.

வகுப்பில் மாமியின் மகளும் நானும் பக்கத்தில் இருக்கத்தான் செய்தோம். இடம் மாற்றக் கேட்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

“உன்ரை அப்பா கிணத்துக் கள்ளனாம்,” என்றாள் ஒருநாள்.

“உன்ரை அப்பா கிணத்தையே காணாதவராம்,” என்றேன்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டிட வாசலுக்கு வந்ததும் அவள் முன்னுக்கும் நான் பின்னுக்குமாக ஏறினோம்.

இப்போது நான் நில அளவைத் துறையில் வேலை செய்கிறேன். இங்கே எல்லைக்கு நிலத்தில் கல்லோ உலோகக் குமிழோ இருக்கும். கருவியை வைத்தால் விரல் அகலம் கூடப் பிசகாது. இரண்டு அயலவர்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் தோட்டங்களில் நின்று அளக்கும்போது அப்பாவை நினைப்பேன். அன்று அவரைப் பேராசைக்காரர் என்று மாமா நினைத்தார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது. அவருடைய சொந்த ஊர்க் காணி முழுவதும் அக்காமாருக்குச் சீதனமாகப் போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மண் என்று அவர் வாதாட உலகத்தில் இருந்தது மனைவியின் அந்தத் துண்டு மட்டும்தான். ஒரே ஒரு மாரிகாலம் அதில் நடந்திருக்கிறார். கண்டதை மறக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. தான் கண்ட மாரிக்கு முன்னும் அந்த வேலி எங்கோ நின்றிருக்கும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

அம்மாவைப் பற்றி நான் நினைத்ததும் பிழை. அவருக்கு இதில் அக்கறை இல்லை என்று நினைத்தேன். அப்பா தொலைபேசியில் உரத்துக் கதைக்கும்போதெல்லாம் அவர் முதியோர் இல்லத்து வேலைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருப்பார். நீராவி அவர் முகத்தை மறைக்கும்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்ன மாமி நேராக அம்மாவின் கைபேசிக்கே எடுத்தார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்ததால் நான்தான் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தேன். அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

“அக்கா, சுகமோ? நான் சண்டைக்கு எடுக்கேல்லை.”

“தெரியும். சொல்லு.”

“எனக்கு எல்லை தெரியாது அக்கா. நான் அப்ப சின்னப் பிள்ளை. அம்மாவும் இப்ப இல்லை, ஆரைக் கேக்க? அத்தார் கீழ்வீட்டிலை நிண்டு சண்டை பிடிக்கிறார். பிடிக்கட்டும். நான் உங்களிட்டைச் சொல்லுறன். கிணறு உங்கடைதான். அந்தக் கம்பி அடிச்ச இடமே எல்லையா இருக்கட்டும். நான் ஒத்துக்கொள்ளுறன். நீங்களும் அண்ணையும் ஒப்பம் வைச்சுத் தாங்கோ. மாரி வரமுதல் அத்திவாரம் வெட்டவேணும் எண்டு நிக்கினம்.”

“தண்ணிக்கு என்ன செய்வாய்?”

“றோட்டுப் பைப்பிலை எடுக்கலாம். கொஞ்சம் நடக்கவேணும், அவ்வளவுதான்.”

அம்மா பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்தார். அப்பாவின் முகம் மாதக்கணக்குக்குப் பிறகு மலர்ந்திருந்தது. “பாத்தீரோ? அவையே ஒத்துக்கொள்ளினம். அப்ப முடிஞ்சுது. அந்தப் பிள்ளைக்கும் வீடு கிடைக்கும், எங்கடையும் எங்களிட்டை இருக்கும். நாளைக்கே ஒப்பம் வைப்பம்.”

அம்மா கையைக் கழுவினார். நன்றாகத் துடைத்தார். பிறகு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“இஞ்சருங்கோ. கிணறு அரைவாசி அவையின்ரை.”

“என்ன கதைக்கிறீர்? நான் கண்டனான்.”

“நீங்கள் கண்டது சரி. நீங்கள் வரேக்கை வேலி அங்காலைதான் நிண்டது. என்ரை அப்பா தள்ளித் தள்ளிக் கொண்டுபோனவர்.”

அம்மா சொன்னதை அவர் சொன்ன வேகத்திலேயே சொல்கிறேன். அவசரப்படவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைப்பார்களாம். பழைய ஓலையைப் பிரித்து, வேலித் தடியாக நடும் கதியாலில் பட்டுப்போனதைப் பிடுங்கி, புதுக் கதியால் ஊன்றி, புது ஓலை கட்டுவது. அம்மாவின் தந்தை ஊன்ற, சிறுமியான அம்மா பக்கத்தில் நின்று ஓலை கட்டும் கட்டுக்கொடி எடுத்துக் கொடுப்பார். புதுக் கதியாலை அவர் பழைய குழியில் ஊன்றுவதில்லை. குழிக்கு ஒரு சாண் அப்பால் ஊன்றுவார். அந்தப் பக்கம் ஆண் துணை இல்லாத வீடு. மாமியின் தகப்பன் தூர ஊரில் வேலை செய்தவர், வருடத்தில் சில நாள்தான் வீட்டில் நிற்பார். கேட்க ஆள் இல்லை. சில வருடங்களில் வேலி கிணற்றின் நடுவை விட்டு விலகி, கட்டின் ஓரத்துக்குப் போய், பிறகு கட்டையும் தாண்டியது. அதற்குப் பிறகு மாமியின் தாய்க்கு நின்று அள்ளப் பக்கமே இல்லை. குடத்தோடு ஒழுங்கையால் சுற்றி வந்து, அம்மா வீட்டுப் படலையைத் திறந்து, கேட்டுத்தான் அள்ளிக்கொண்டு போவார்.

“அப்பா விறாந்தையிலை இருந்து ‘அள்ளட்டும், அள்ளட்டும், பாவங்கள்’ எண்டு சொல்லுவார்,” என்றார் அம்மா. “வந்த ஆக்களுக்குக் கேக்கச் சொல்லுவார்.”

அப்பா மேசையிலிருந்த கைபேசியைத் தள்ளி வைத்தார். பிறகு, “உம்மடை அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லுறீரோ?” என்றார்.

“அவர் என்னைத் தோளிலை வைச்சுத் தேர் காட்டினவர். வேலியையும் தள்ளினவர். ரண்டையும் பக்கத்திலை நிண்டு கண்டது நான்.”

“இவ்வளவு மாசமும் ஏன் வாய் திறக்கேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன், அப்பாவல்லோ. ஆனால் இப்ப அவள் தாறன் எண்டு சொல்லிப்போட்டாள். இனியும் நான் பேசாமல் இருந்தால், தள்ளுறது நானெல்லோ.”

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். லிம்மாட் ஆற்றங்கரையால் நடந்திருப்பார் என்று நினைக்கிறேன்; திரும்பி வந்தபோது சப்பாத்தில் ஈர மண் இருந்தது. ஒப்பம் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். இறந்துபோன மனிதரை ஊர் முன்னால் இழுத்துவிடத் தன்னால் முடியாது என்றார். அடுத்த கிழமை முழுவதும் வீட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

அந்த ஒப்பத்தை வைக்கச் செய்தவர் ஒருவகையில் கனடாவில் இருந்த அம்மாவின் அண்ணா. செய்தி எப்படியோ அவரிடம் போயிருந்தது. அவர் எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டார். கைபேசியை அம்மா காதில் வைத்திருந்தும் எங்களுக்குக் கேட்டது.

“அப்பா தந்த காணியிலை இருந்துகொண்டு அப்பாவுக்கே சேறு பூசிறியோ? உனக்கு உதைக் கதைக்க என்ன உரிமை இருக்கு? ஒப்பம் வைச்சியெண்டால், எனக்குத் தங்கச்சி இல்லை. உன்ரை மனிசனைக் கூப்பிடு. அவனோடை கதைக்கிறன்.”

அம்மா கைபேசியை நீட்டினார். அப்பா வாங்கி, நின்றபடியே கேட்டார். நீண்ட நேரம் “ஓம் மச்சான், ஓம் மச்சான்” என்றுதான் சொன்னார். அம்மா யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அப்பா அம்மாவின் முதுகைப் பார்த்தார்.

“மச்சான்,” என்றார் பிறகு. “நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் என்னோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை. காணி அவவின்ரை. வேலிக்குப் பக்கத்திலை நிண்டதும் அவதான். நானோ நீங்களோ இல்லை.”

அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அம்மாவின் அண்ணா இன்றுவரை அம்மாவோடு கதைக்கவில்லை. அவருடைய மகளின் கலியாணத்தை நாங்கள் மற்றவர்களின் கைபேசியில்தான் பார்த்தோம்.

அன்று பின்னேரமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மாமி கதவைத் திறந்தார். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

“கிணறு அரைவாசி உங்கடை,” என்றார் அம்மா. “வேலி நடுவாலைதான் போனது. நாங்கள் ஒப்பம் வைக்கிறம்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் மாமி.

“அப்பா தள்ளினதும்?”

“அம்மா உங்கடை படலையைத் திறக்கேக்கை எல்லாம் நானும் பின்னாலை வந்தனான். தெரியாதோ?”

“இத்தினை வருசமும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே நீ.”

“கேட்டிருந்தால் பிறகு நீ எனக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருந்திருப்பியோ?” மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “இந்த நாட்டிலை எனக்கு ஊர் எண்டு இருந்தது நீ ஒருத்திதான். கிணத்தைக் கேட்டு அதையும் விடவோ?”

உள்ளே இருந்து மாமா எட்டிப் பார்த்தார். “இதையெல்லாம் எனக்கு ஏனப்பா முதலே சொல்லேல்லை? நான் இவ்வளவு நாளும் துணி மடிச்சது மிச்சம்.”

மாமி திரும்பிப் பார்க்காமலே, “உங்களுக்குச் சொன்னால் நீங்கள் மாடிப் படியெல்லாம் சொல்லுவியள்,” என்றார்.

மாமா சிரிக்கவில்லை. அப்பா அவருக்குச் சொன்ன வேறு சில சொற்கள் இருந்தன. அகதி அட்டைக் காலத்து விடயங்கள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் இருவரும் பிறகு படிக்கட்டில் கண்டால் தலையாட்டிக் கொண்டார்கள். அவ்வளவுதான். ஆண்கள் இருவருடைய நட்பு அந்தக் கோடையோடு போய்விட்டது. அது எங்கே போனது என்று காட்ட ஒரு கல்லும் இல்லை.

ஒப்பம் வைத்த கடதாசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அத்திவாரம் வெட்டினார்கள். அப்பா தன் அக்கா மகனுக்குச் சொல்லிக் கம்பியையும் தூணையும் கழற்றவைத்தார். மாரி தொடங்கி மண் நனைந்ததும் சின்ன மாமி கதியால் நட ஆயத்தமானார். நடுவதற்கு முதல் அம்மாவைக் காணொளி அழைப்பில் எடுத்தார். இங்கே ஆற்றுப் பனி யன்னலை மூடியிருந்த காலைநேரம். மாமி மேலே வந்திருந்தார், மாமா வரவில்லை. அப்பா கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா திரைக்கு மிக அருகில் குனிந்திருந்தார்.

திரையில் ஈரச் சிவப்பு மண். பாதி துப்புரவாக்கிய கிணறு. அதன் கட்டோரம் ஒரு கதியாலை நிமிர்த்திப் பிடித்தபடி சின்ன மாமி. அவருடைய பிள்ளைகள் இருவரும் பின்னால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, கட்டின்ரை சரிபாதி இதுதான். கயிறு பிடிச்சுப் பாத்தனாங்கள். இதிலை ஊண்டட்டோ?”

“இன்னும் கொஞ்சம் தள்ளு,” என்றார் அம்மா.

“எந்தப் பக்கம்?”

“எங்கடை பக்கம்.”

சின்ன மாமி ஓர் அடி எடுத்து வைத்தார்.

“இன்னும்.”

“அக்கா, பாதியைத் தாண்டியிட்டுது.”

“தெரியும். இன்னும் ஒரு சாண்.”

மாமி அம்மாவின் தோளைப் பிடித்தார். “விசரி, காணும். போதும்.” அம்மா திரும்பவில்லை. திரையில் சின்ன மாமி கதியாலோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் காரணம் தெரியாது. படம் ஒரு பக்கம் சரிந்தது. அப்பா கைபேசியை மறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேராப் பிடியுங்கோ,” என்றார் அம்மா. “எனக்கு வடிவாத் தெரியவேணும்.”

அப்பா மற்றக் கையையும் கொண்டுவந்து கைபேசியைப் பிடித்தார்.

“அதிலை ஊண்டு,” என்றார் அம்மா.